துணி வியாபாரிப் புனிதரின் ஊரில்: கிரெமோனா நாட்குறிப்பு

நவம்பர் 11, மிலானிலிருந்து கிரெமோனா

ஒன்றேகால் மணி நேரப் பயணம் என்று அக்கா சொல்லித்தான் கிளம்பினோம். நாலு மணி நேரம் ஆனது. லோதி தாண்டும் வரை ஒழுங்காக ஓடிய ரயில், கோதோஞ்ஞோ நிலையத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ சொன்னார்கள். அக்கா மிலானில் குடித்தனம் நடத்தும் அளவுக்கு இத்தாலியன் பேசுவாள். அவளுக்கே கடைசியில் வந்த "மன்னிக்கவும்" மட்டும்தான் பிடிபட்டது. பெட்டியில் இருந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பழகிப்போன முகங்கள்.

வெளியே பஸ் வரும் என்றார்கள். வெளியே எது இருக்கிறது என்றே தெரியவில்லை, அப்படி ஒரு பனிமூட்டம். போ ஆற்றுச் சமவெளி முழுக்க நவம்பரில் இப்படித்தானாம். காற்று அசையாது, ஆற்று ஈரமும் குளிரும் சேர்ந்து தரையோடு படுத்துவிடும். எதிரே நின்ற தெருவிளக்கின் கம்பம் தெரிந்தது, விளக்கு தெரியவில்லை.

அங்கேதான் அந்தச் சர்தார்ஜி எங்களைப் பார்த்து, "இந்தியாவா, பெஹன்ஜி?" என்று கேட்டார். நீலத் தலைப்பாகை, கையில் ரப்பர் பூட்ஸ் திணித்த பை. கிரெமோனா பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலையாம். விடியற்காலை மூணு மணிக்கு முதல் கறவை. என் இந்தி மேடையேறாத இந்தி, இருந்தாலும் பேச்சு ஓடியது. இந்தச் சமவெளிப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் நிறையப் பேர் பஞ்சாபிகள். கிரானா பதானோ சீஸுக்குப் போகும் பாலில் அவர்கள் கை படாத பால் குறைவு என்று சிரித்தார். பக்கத்தில் பெஸ்ஸீனா கிரெமோனேசே என்ற சின்ன ஊரில் 2011இல் பெரிய குருத்வாரா கட்டித் திறந்திருக்கிறார்கள், வந்தால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள் என்றார். அதோடு விடவில்லை. பையிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிய பராத்தாவை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, பாதியைப் பிய்த்து அக்கா கையில் வைத்துவிட்டார். அஜ்வைன் போட்ட உருளைக்கிழங்கு. ஆறிப்போயிருந்தும் அருமை.

"நாளை மறுநாள் ஊரே லீவு. எங்க முதலாளி மட்டும் லீவு விட மாட்டார். மாட்டுக்கு ஏது சாந்த் ஓமோபோனோ?" என்றார்.

அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான். அக்காவைப் பார்த்தேன். "ஊர்க் காவல் புனிதராம். துணி வியாபாரி. நாம தொரோனே மிட்டாய் சாப்பிடத்தானே போறோம், அதைப் பாரு" என்றாள்.

பஸ் வந்து, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ராத்திரி சாப்பாடு விடுதிக்காரர் காட்டிய ஒரு சின்ன உணவகத்தில். இந்த ஊர்ச் சிறப்பு மருபீனி: இறைச்சி அடைத்த குட்டிக் குட்டி மாவுப் பொட்டலங்கள், சூடான சாற்றில் மிதக்கும். மாடு, கோழி, பன்றி என மூன்று சாறும் கலந்ததுதான் அசல் என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். அக்கா மாட்டிறைச்சி தொடமாட்டாள். பூசணிக்காய் அடைத்த தொர்தெல்லி வாங்கினாள். அதில் சர்க்கரையும் பாதாம் பிஸ்கெட் தூளும். "அல்வாவைக் கொழுக்கட்டைக்குள்ள வெச்சு வெண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். எனக்கு மருபீனி 13 யூரோ, அவளுக்கு 12. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இரண்டரை யூரோ தனி. ரொட்டியும் மேஜை விரிப்பும் அந்தக் கணக்கில் அடக்கமாம்.

நவம்பர் 12, கிரெமோனா

காலையிலும் பனி விலகவில்லை. நின்றபடி குடித்தால் காபி 1.30, உட்கார்ந்தால் இரண்டுக்கு மேல். இத்தாலியர்கள் நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம்.

ஊரின் பெரிய சதுக்கத்தில் எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்கின்றன: பேராலயம், எண்கோண வடிவத் திருமுழுக்கு ஆலயம், எதிரே நகராட்சி மாளிகை, பக்கத்தில் தொராட்ஸோ என்கிற மணிக்கோபுரம். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1107இல். பத்து வருடத்தில் ஒரு பூகம்பம் வந்து ஆட்டிவிட்டது. மறுபடி எழுப்பி 1190இல் அர்ச்சிப்பு. திருமுழுக்கு ஆலயம் 1167. வாசலில் இருந்த பலகையில் இந்த ஆண்டுகளைப் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டேன்: அந்தத் துணி வியாபாரி ஓமோபோனோ செத்தது 1197இல். கல் கல்லாக அந்த இரண்டும் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார். கோபுரம் முழுசாக நிமிர்ந்தது அவருக்குப் பிறகு.

பேராலய முகப்பில், வாசலுக்கு மேலே ஒரு சின்ன மாடம். நடுவில் குழந்தையோடு மாதா. ஒரு பக்கம் இமேரியோ என்ற பழைய ஆயர். இன்னொரு பக்கம் நம் ஆள். ஆயருக்கும் வியாபாரிக்கும் ஒரே உயரம். நான் கான்வென்ட்டில் படித்தவள். புனிதர்கள் என்றால் துறவி, கன்னிகை, வேதசாட்சி, இல்லாவிட்டால் ராஜா ராணி என்றே மனதில் பதிந்திருக்கிறது. சூசையப்பர் தச்சர்தான், ஆனால் அவர் கதை வேறு. கடை வைத்து, பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தி, கணக்குப் புத்தகம் எழுதிய ஒருவர் மாதாவுக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் புதிது.

கோபுரத்தில் ஏறினோம். 502 படி. 112 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம். இந்தப் பனியில் மேலே போய் என்ன பார்க்கப் போகிறோம் என்று அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். வழியில் கடிகார அறை. 1583இல் திவிட்சியோலி என்ற அப்பாவும் மகனும் தொடங்கிய இயந்திரம். வெளியே தெரியும் முகப்பில் மணி மட்டும் இல்லை. ராசிகளும், சூரிய சந்திர ஓட்டமும் கிரகணமும் உண்டு. மேலே போய் நின்றால் சுற்றிலும் வெள்ளை. எங்களோடு ஏறிய ஒரு ஜெர்மன் தம்பதி அந்த வெள்ளையைப் படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். வேறென்ன செய்வது.

இறங்கினால் தெருவெல்லாம் தொரோனே திருவிழா. தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, பாதாம். இதை மணிக்கணக்கில் கிண்டி, மேலும் கீழும் காகிதம் போன்ற மெல்லிய அப்பத் தகடு ஒட்டி, கட்டியாக வெட்டுகிறார்கள். 1441 அக்டோபரில் படைத்தலைவர் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்ஸாவுக்கும் மிலான் பிரபுவின் மகள் பியாங்கா மரியா விஸ்கொந்திக்கும் இந்த ஊரில் கல்யாணம் நடந்தது வரலாறு. அந்தப் பந்தியில் கோபுர வடிவில் இந்த இனிப்பை வைத்தார்கள், அன்றிலிருந்துதான் தொரோனே என்பது ஊர்க் கதை. கதையை நம்புகிறவர்களுக்குக் கல்யாண வேஷம் கட்டி ஊர்வலமும் விடுகிறார்கள். விலை கிலோ 30 யூரோவுக்குக் கீழே எங்கும் இல்லை. ஆனால் ருசி பார்க்கத் துண்டு துண்டாகத் தருகிறார்கள். வாங்காமல் நகர்ந்தாலும் முகம் சுளிப்பதில்லை. ஒரு கடைக்காரர் என் கையில் மூன்றாவது துண்டை வைத்துவிட்டு, "இது போன வருஷத்து விலைக்குத் தர்றேன்" என்று கண்ணடித்தார். போன வருஷத்து விலை எங்களுக்கு எப்படித் தெரியும்?

இதில் மெத்தென்று ஒரு வகை, கல் போல ஒரு வகை. கெட்டிதான் அசல் என்று யாரோ சொல்ல, அக்கா கெட்டியை வாங்கி, ஒரு துண்டைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். சத்தம் எனக்கே கேட்டது. பாதாம் உடைந்தது என்று நினைத்தேன். அவள் கையில் துப்பிப் பார்த்தால், கோயம்புத்தூரில் எப்போதோ அடைத்த பல் அடைப்பு.

நவம்பர் 13, ஓமோபோனோ திருநாள்

இரவெல்லாம் அக்கா தூங்கவில்லை. காலையில் விடுதிக்காரரிடம் பல் வைத்தியர் எங்கே என்று கேட்டோம். அவர் சிரித்தே விட்டார். "இன்றைக்கா? சாந்த் ஓமோபோனோ!" பள்ளிக்கூடம், வங்கி, அலுவலகம், வைத்தியர் எல்லாம் மூடல். திருவிழாவை நம்பி இனிப்புக் கடைகள் மட்டும் திறந்திருக்கின்றன. பல்லை உடைத்த கடை திறந்திருக்கிறது, அதைச் சரி செய்யும் கடை மூடியிருக்கிறது என்று அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள்.

மூடிய மருந்துக்கடை வாசலில் அன்றைய முறைக் கடை எது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேடிப் போனோம். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அக்கா வாயைத் திறந்து காட்டினாள். அந்த அம்மா பார்த்த மாத்திரத்தில், "கெட்டித் தொரோனே?" என்றார். ஆமாம் என்றதும், இந்த வாரம் இப்படி வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்றார். தற்காலிகமாக அடைக்கும் பசை ஒன்று, வலி மாத்திரை ஒன்று. 14 யூரோ. பசையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எப்படி உருட்டி எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒரு தாத்தா மட்டும், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு என்று யோசனை சொன்னார்.

வலி அடங்கியதும் பேராலயத்துக்குப் போனோம். திருவிழாத் திருப்பலி. மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு மேயர் முன்வரிசையில். நடுக்கூடத்துச் சுவர்கள் முழுக்க 16ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். வாசல் பக்கத்துச் சுவரில் போர்தெனோனே தீட்டிய சிலுவைக் காட்சியில் குதிரைகள் திமிறிக்கொண்டு நம் மேல் பாய்கின்றன. உள்ளே அப்படி ஒரு குளிர். கோட்டைக் கழற்றியவர்கள் யாரும் இல்லை.

பாடகர் குழு "உன்னதங்களிலே" கீதத்தை எடுத்தது. இத்தாலியனில் பாடினாலும் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கத்தில் எனக்கு இடம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி என் முழங்கையைத் தொட்டு, "இப்போதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. முடிந்த பிறகுதான் விளக்கினார். பாட்டி ஓய்வு பெற்ற தையல்காரர். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. வருடம் தவறாமல் வருவாராம். தையல்காரர்களுக்கும் துணிக்கடைக்காரர்களுக்கும் ஓமோபோனோதான் காவல்.

1197 நவம்பர் 13. விடியற்காலைத் திருப்பலி. சந்த் எஜீதியோ கோயில், அவருடைய பங்குக் கோயில். ஓமோபோனோ வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டார். "உன்னதங்களிலே" தொடங்கியதும் இரண்டு கையையும் சிலுவை போல விரித்துத் தரையில் படுத்தார். அவர் அப்படிப் படுத்து ஜெபிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் கவனிக்கவில்லை. நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. அப்போதுதான் போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

இதைச் சொல்லும்போது பாட்டியின் குரலில் ஒரு கம்மலும் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்லும் தோரணை. "நல்ல சாவு. சீக்கு இல்லை, படுக்கை இல்லை" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பதினாலு மாதத்தில், 1199 ஜனவரி 12 அன்று, அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார்கள். கிரெமோனா ஆயர் சிகார்தோ ஊர்ப் பெரியவர்களோடு ரோமுக்குப் போனார். கூடவே எஜீதியோ கோயில் பாதிரியார் ஓஸ்பெர்த்தோ. இருபது வருடம் ஓமோபோனோவின் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் அவர். சத்தியம் செய்து சாட்சி சொன்னார். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் பதவிக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான். அவர் கொடுத்த முதல் புனிதர் பட்டமே இந்த வியாபாரிக்கு. செத்தபின் நடக்கும் அற்புதங்கள் மட்டும் போதாது, இருந்தபோது வாழ்ந்த வாழ்வும் சரியாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் பட்டம் என்று அந்த ஆணையில் எழுதினார். ஏழைகளுக்குத் தகப்பன், சண்டையைத் தீர்த்து வைத்தவர் என்றெல்லாம் அதில் வருகிறது. துணிக்கடை, வீடு, மனைவி பற்றிய கதைகள் பின்னால் எழுதிய சரிதைகளில்தான் விரிகின்றன.

பீடத்துக்குக் கீழே நிலவறை. அங்கே அவருடைய உடல் இருக்கும் பேழை. வரிசை மெதுவாக நகர்ந்தது. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு இளைஞன் செல்போனில் அம்மாவுக்கு நேரலை காட்டிக்கொண்டு வந்தான். பேழையிடம் வந்ததும் தானாகப் போனைத் தாழ்த்திவிட்டு, தாண்டியதும் மறுபடி உயர்த்தினான்.

மதியம் மொஸ்தார்தா. பழங்களை முழுசு முழுசாகச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, கடுகுச் சாரம் விட்டிருப்பார்கள். பேரிக்காய், செர்ரி, ஆரஞ்சு எல்லாம் கண்ணாடி மணிகள் போலப் பளபளவென்று இருக்கின்றன. வாயில் வைத்தால் முதலில் தித்திப்பு. அடுத்த நொடி மூக்கில் ஏறும் கடுகுக் காரம். வேகவைத்த இறைச்சியோடு தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். தயிர் சாதத்துக்குத் தூக்கலாக இருக்கும் என்று அக்கா உறுதியாகச் சொன்னாள். மெல்ல முடியாததால் அவளுக்குச் சூப்பும் அந்த மொஸ்தார்தாச் சாறும்தான் சாப்பாடு.

சாப்பிடும்போது, பாட்டி சொன்ன மற்ற கதைகளை அவளுக்குச் சொன்னேன். ஓமோபோனோ திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு ஒயின் எடுத்துக்கொண்டு போகிறார். வழியில் பிச்சைக்காரர்கள் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடுவையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போகிறார். ஆட்கள் குடித்தால் நல்ல ஒயின். இன்னொரு நாள், வீட்டில் சுட்டு வைத்த ரொட்டியை எல்லாம் அள்ளித் தர்மம் செய்துவிட்டார். மனைவி வந்து பெட்டியைத் திறந்தால் நிறைய ரொட்டி.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ரொட்டியை யாரு சுட்டது?"

"மனைவிதான்."

"அப்போ தர்மம் யாரோடது?"

என்னிடம் பதில் இல்லை. கதைகளில் அந்த அம்மாள் வருவதே முணுமுணுக்கத்தான். இப்படிக் கொடுத்துக்கொண்டே போனால் நாம் பிச்சை எடுக்க வேண்டியதுதான் என்று சண்டை போடுவாராம். அவர் சிரித்துக்கொண்டே கேட்பாராம். பேராலயத்திலும் சரி, வாங்கிய சின்னப் புத்தகத்திலும் சரி, அந்த அம்மாளின் பெயரை நான் பார்க்கவில்லை. படங்களில் ஓமோபோனோ பணப்பையோடு நிற்கிறார், சிலவற்றில் கத்தரிக்கோலும் உண்டு. காசை நீட்டும் கைக்குக் கீழே ஏழைகள். ரொட்டிப் பெட்டி எந்தப் படத்திலும் என் கண்ணில் படவில்லை. கடைப் பணம் அவருடையதாக இருக்கலாம். அடுப்படியில் காலையில் எழுந்து பிசைந்த மாவு அந்த அம்மாளுடையது. பெட்டி மறுபடி நிரம்பியது அவருக்காகவா, அவளுக்காகவா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

மாலையில் எஜீதியோ கோயிலுக்கு நடந்தோம். இப்போது ஓமோபோனோ பெயரிலேயே அழைக்கிறார்கள். முதலில் அவரைப் புதைத்தது இங்கேதான். பின்னாளில்தான் பேராலயத்துக்கு எடுத்துப் போனார்கள். சின்னத் தெரு, சின்ன முகப்பு. திருநாள் என்பதால் திறந்திருந்தது. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. பேராலயத்தின் தடபுடலுக்குப் பிறகு இங்கே நன்றாக மூச்சு விட முடிந்தது.

திரும்பும் வழியில் யோசித்தேன். ஓமோபோனோ தனி ஆள் இல்லை. போ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பியாசென்சாவில் ராய்மோந்தோ என்று ஒரு செருப்புத் தைப்பவர். 1200இல் செத்தார். அவரும் ஏழைகளுக்கு இல்லம் நடத்தியவர். இதே கிரெமோனாவில் அடுத்த நூற்றாண்டில் ஃபாச்சோ, வெரோனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். 1272இல் சாகும் வரை ஊர் ஏழைகளுக்காக ஒரு தர்மக் கூட்டமைப்பைத் தாங்கியவர். அந்தக் காலத்தில் இந்த நகரங்களில்தான் பணம் திடீரென்று புரள ஆரம்பித்திருந்தது. கிரெமோனாவில் பருத்தியும் லினனும் கலந்து நெய்த ஃபுஸ்தியன் துணிதான் சரக்கு. பருத்தி கடல் தாண்டி வந்தது. வியாபாரி என்றாலே வட்டிக்காரன், ஏமாற்றுக்காரன் என்று பிரசங்கம் செய்த திருச்சபைக்கும் கடைக்காரர்கள் இல்லாமல் ஊர் ஓடாது. நல்ல வியாபாரி ஒருவரைக் காட்ட வேண்டிய தேவை இரண்டு பக்கமும் இருந்திருக்கும். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. பதினாலு மாதத்தில் ரோமில் காரியம் முடிந்ததென்றால் யாருக்கோ அவசரமும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 14, கிரெமோனாவிலிருந்து மிலான்

வெயில்! கிளம்பும் நாளில்தான் கோபுரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடி 502 படி ஏற அக்கா மறுத்துவிட்டாள்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் வயலின் அருங்காட்சியகம். இந்த ஊர் வயலின் செய்யும் கைவினையை 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் இந்த அருங்காட்சியகம் திறந்தது. இப்போதும் ஊருக்குள் தெருவுக்குத் தெரு பட்டறைகள், ஜன்னலில் வார்னிஷ் காயத் தொங்கும் வயலின்கள். அமாத்தி, குவார்னேரி, ஸ்திராதிவாரி என்று இந்த ஊரின் பழைய வயலின் குடும்பங்கள் செய்ததையெல்லாம் கண்ணாடிக்குள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1715இல் அந்தோனியோ ஸ்திராதிவாரி செய்த "இல் கிரெமோனேசே" முன்னால் ஒரு கொரியப் பெண் கைகூப்பி நின்றாள். வயலின் மாணவியாம்.

ஸ்திராதிவாரி குடும்ப விவரம் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு பெயரில் நின்றேன். ஓமோபோனோ ஸ்திராதிவாரி. அந்தோனியோவின் மகன், பட்டறையில் அப்பாவோடு வேலை செய்தவர். பிறந்தது 1679 நவம்பர் 14. ஊர்த் திருநாளுக்கு மறுநாள். எங்கள் ஊரில் கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டிப் பிறந்த பையனுக்கு என்ன பெயர் வைப்பார்களோ, அதே வேலைதான் இது. இந்த ஓமோபோனோ இளவயதில் வீட்டை விட்டு நேப்பிள்ஸுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்திருக்கிறார். 1729இல் அந்தோனியோ உயில் எழுதினார். மகனுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நேப்பிள்ஸில் அவனுக்காகச் செலவழிந்த பணம் அந்த உயிலில் மறக்காமல் கணக்கில் வருகிறது, அவன் பங்கில் கழிக்கச் சொல்லி.

அக்காவிடம் சொன்னேன். பல் வலியை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். காவலாளி திரும்பிப் பார்த்தார். "அள்ளிக் கொடுத்தவர் பேரை வெச்சுட்டு, பைசா பைசாவா பிடிச்சிருக்கார் பாரு அப்பா. அந்தம்மா மட்டும் இந்த வீட்டுல வாழ்க்கைப்பட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பா."

ரயில் இந்த முறை சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பிட்சிகெத்தோனே தாண்டும்போது பெட்டியில் ஒவ்வொருவராகத் தும்ம ஆரம்பித்தார்கள். வாங்கியிருந்த மொஸ்தார்தா பாட்டிலின் மூடி தளர்ந்து, அக்காவின் பை முழுக்கக் கடுகுச் சாறு. எதிரே இருந்த பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, எந்தக் கடையில் வாங்கினீர்கள், நல்ல சரக்குதான் போலிருக்கிறது என்றார். பையில் மிச்சம் இருந்த தொரோனேவை அவருக்கு நீட்டினேன். கெட்டியா மெத்தா என்று கேட்டு, கெட்டி என்றதும் கும்பிடு போட்டு மறுத்தார்.

மிலானில் பல் வைத்தியருக்கு 130 யூரோ. பசையைப் பார்த்த அவர், இதை வைத்தது யார், இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று கேட்டாராம். நானேதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.